அடிமாட்டு விலைக்கு ஒரு கம்ப்யூட்டர்

வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்கணும், எந்தக் கடைக்குப் போகலாம்னு என்கிட்ட கேக்க வந்திருக்கியே பேராண்டி, உன் பெருந்தன்மையை என்னன்னு சொல்ல! சிங்கப்பூர்ல படிச்சவன் அத்தனை பேர் இருக்க, சைனாடவுன்ல கிரேத்தா ஆயர் சதுக்கத்துல சீனக் கெழவனுங்க சதுரங்கம் ஆடுறதை வேடிக்கை பாத்துக்கிட்டு உக்காந்திருக்கிறவன் உன் கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கான். எங்க வாங்கறதுன்னு நீ ஏற்கெனவே முடிவு பண்ணிட்டே. அதுக்கு ஒரு பெரிய மனுசன் வாயால ‘ஆமாம்’ போடணும், அவ்வளவுதானே? போடுறேன். மொதல்ல மாடிக் கடையில ஒரு கோப்பி ஓ வாங்கிட்டு வா. சீனி வேணாம். டாக்டர் திட்டுறாரு.

இப்ப உண்மையைச் சொல்லு. உனக்குக் கம்ப்யூட்டர் வேணுமா, இல்ல கம்ப்யூட்டர் வாங்கிட்டேன்னு எதிர் புளோக் காரன்கிட்ட சொல்லிக்கணுமா? ரெண்டாவதுன்னா காலிப் பெட்டியைக் கொண்டுவந்து ஹால்ல வச்சாலே போதும், கரண்டு பில்லாவது மிச்சம். மக பாடம் படிக்கன்னு சொல்றே. இதோ பக்கத்துல சைனாடவுன் பாயிண்ட்ல 2013லேர்ந்து நூலகம் இருக்கு. வருமானம் கம்மியான வீட்டுக்குன்னு ஐஎம்டிஏ காரங்க மலிவா லேப்டாப்பும் இணையமும் தர்ற திட்டமும் இருக்கு. ஆனா அதெல்லாம் உனக்கு ஒத்துவராது. உன் சம்பளம் எவ்வளவுன்னு உன் மாமியா ஏற்கெனவே எல்லாருக்கும் சொல்லியாச்சு.

வாங்கியே தீருவேங்கறே. அப்ப ஒழுங்கா ஏமாறுறது எப்படின்னு சொல்லித் தர்றேன், கேட்டுக்கோ. அரைகுறையா ஏமாந்தா ரெண்டு பக்கமும் நஷ்டம்.

ரோச்சோர் எம்ஆர்டியில இறங்கு. சிம் லிம் ஸ்கொயர். 1987லேர்ந்து நிக்கிற ஆறு மாடிக் கட்டடம், தேக்காவிலேர்ந்து பொடிநடை தூரம். உள்ள நுழைஞ்சதும் கீழ்த்தளத்துல எந்தக் கடைக்காரன் கையை நீட்டி ‘பாஸ், பிரதர்’னு கூப்பிடுறானோ அவன் கடைக்கே போ. நாலு கடை விசாரிச்சா மரியாதைக் குறைவு. எவ்வளவு பணம் வச்சிருக்கேன்னு நீயே முதல்ல சொல்லிடு, பாவம், அவன் எதுக்குக் கணக்குப் போட்டுக் கஷ்டப்படணும்? ‘எனக்கு இதைப்பத்தி ஒண்ணும் தெரியாதுண்ணே’ன்னு ஒரு வார்த்தை சேத்துக்கோ. கார்டை எடுத்து மேசை மேல வையி. கையெழுத்துப் போடச் சொன்னா போடு. படிச்சுப் பாக்குறவன் கெட்டவன், படிக்காம கையெழுத்துப் போடுறவன் உத்தமன்னு அந்தக் கடையில ஒரு சாஸ்திரம் இருக்கும்.

நான் கிண்டல் பண்றேன்னு நினைக்காதே. 2014 நவம்பர்ல நடந்தது இது. வியட்நாம்லேர்ந்து சுற்றிப்பாக்க வந்த ஒரு தொழிலாளி, காதலிக்குப் பிறந்தநாள் பரிசா ஐபோன் 6 வாங்கப் போனான். 950 வெள்ளி குடுத்தான். ஒரு வருஷ வாரண்டியா, ரெண்டு வருஷ வாரண்டியான்னு கேட்டாங்க. விலையில சேந்ததுதான்னு நினைச்சு ஒரு வருஷம்னு சொல்லிக் கையெழுத்தும் போட்டுட்டான். அப்புறம் வாரண்டிக்குத் தனியா 1,500 வெள்ளி வையின்னாங்க. போனை விட வாரண்டி விலை கூட! பயல் கடை வாசல்லயே முட்டி போட்டு அழுதான், அந்த வீடியோவை ஊரே பாத்துச்சு. அதே சமயத்துல, சீனாவிலேர்ந்து வந்த ஒரு பொம்பளைக்கு 1,010 வெள்ளி திருப்பித் தரணும்னு தீர்ப்பு ஆகி, அந்தப் பணம் முழுக்கச் சில்லறைக் காசா பிளாஸ்டிக் பையில வந்தது. ரெண்டுமே ஒரே கடை. அந்தக் கடைக்காரனுக்கு 2015 நவம்பர்ல 33 மாசம் ஜெயிலும் 2,000 வெள்ளி அபராதமும் கெடைச்சது. சரிதான், ஆனா முட்டி போட்டவன் முட்டி போட்டவன்தானே?

சிம் லிம்முக்கே போகாதேன்னு சொல்றேன்னு எடுத்துக்காதே. அங்க நல்ல கடைங்க எத்தனையோ இருக்கு, கெட்டவன் ஒருத்தன் செஞ்சதுக்கு அத்தனை பேரும் பேச்சு வாங்கினாங்க. அங்க பழக்கப்பட்டவங்க சொல்றது ஒண்ணுதான்: எஸ்கலேட்டர்ல மேல போ. பாகம் பாகமா வாங்கிப் பூட்டுற கடைங்க மேல் மாடிங்கள்ல இருக்கு. அங்க உன்னைக் கூப்பிட ஆள் இருக்காது. நீயா போயி நின்னாலும் நிமிந்து பாக்க மாட்டான். கையில திருப்புளி, வாயில ஸ்க்ரூ, எதிர்ல வயித்தைத் திறந்து வச்ச பெட்டி. மரியாதை எதிர்பாக்காதே. மேசை மேல பொடி எழுத்துல அச்சடிச்ச விலைத்தாள் கெடக்கும். புராசஸர், போர்டு, மெமரி, பவர் சப்ளைன்னு ஒவ்வொண்ணுக்கும் விலை. அதை எடுத்துக்கிட்டு வந்து, இங்க உக்காந்து, கோப்பி குடிச்சுக்கிட்டே பேனாவால கோடு போட்டுப் பாரு. விலையை அச்சடிச்சு வெளியில குடுக்குறவன் ஆளுக்கு ஒரு விலை சொல்றது கஷ்டம்.

கீழ்த்தளத்துல எப்படின்னா, கால்குலேட்டர். எங்க ஊர் மாட்டுச் சந்தையில தரகன் விலையை வாயால சொல்ல மாட்டான். ரெண்டு பேர் கையிலயும் துண்டைப் போட்டு மூடி, உள்ள விரலைப் பிடிச்சுத்தான் பேரம். சுத்தி நிக்கிற அம்பது பேருக்கும் ஒண்ணும் தெரியாது. இங்க துண்டுக்குப் பதிலாக் கால்குலேட்டர். நீ ‘எவ்வளவு’ன்னு கேட்டா அவன் பேச மாட்டான். கட்டை விரலால நாலு தட்டுத் தட்டி உன் பக்கம் திருப்புவான். நீ மூஞ்சியைச் சுளிச்சா ஒரு பட்டன், எல்லாம் அழிஞ்சு போகும், புதுசா நாலு தட்டு. சந்தையிலயாவது விரலைப் பிடிச்ச ஞாபகம் இருக்கும். கால்குலேட்டர்ல அழிச்சதுக்குச் சாட்சியே கெடையாது. அதனால அவன் தட்டினதும் நீ சிரிச்ச மூஞ்சியோட ஒண்ணே ஒண்ணு கேளு: “அண்ணே, இதைக் கடைச் சீட்டுல எழுதிக் குடுங்க, சம்சாரத்துக்குக் காட்டிட்டு வர்றேன்.” எழுதிக் குடுத்தான்னா வியாபாரி. முறைச்சான்னா ‘தேங்க்யூ பாஸ்’னு சொல்லிட்டு எஸ்கலேட்டரைப் பிடி. சம்சாரத்துக்குப் பயப்படுறவன்னு அவன் நினைச்சுக்கட்டும். அது பொய்யும் இல்லையே.

எழுதிக் குடுத்த விலையிலயும் வால் இருக்கும். 9 விழுக்காடு பொருள் சேவை வரி உள்ளயா வெளியயா? கார்டுல குடுத்தா கூட எவ்வளவு? விண்டோஸ் சேத்தா, சேக்காமலா? வாரண்டி கடைக்காரன் பாப்பானா, கம்பெனிக்காரன் பாப்பானா? பூட்டின பெட்டியில போர்டுக்கு ஒரு ஏஜெண்டு, மெமரிக்கு ஒரு ஏஜெண்டு, பவர் சப்ளைக்கு ஒரு ஏஜெண்டு. பெட்டி ஆன் ஆகலைன்னா எது கெட்டதுன்னு கண்டுபிடிக்கிறது யார் வேலைன்னு முன்னாடியே கேட்டுக்கோ. ‘நாங்களே பாத்துத் தர்றோம்’னு சொல்ற கடைக்கு இருபது முப்பது வெள்ளி கூடக் குடுத்தாலும் தப்பில்ல. இன்னொண்ணு, 2025 கடைசியிலேர்ந்து மெமரி விலை தாறுமாறா ஏறிக்கிட்டிருக்கு. ஏஐ சர்வர்காரங்க எல்லாத்தையும் அள்ளிக்கிட்டுப் போறாங்களாம். அதனால போன வருஷம் உன் சிநேகிதன் வாங்கின விலையைச் சொல்லிச் சண்டை போடாதே.

‘தாத்தா, இம்புட்டு தூரம் எதுக்கு, இங்கயே பீப்பிள்ஸ் பார்க்ல வாங்கிட்டா என்ன?’ன்னு கேக்குறே. கேளு, நல்ல கேள்வி. பீப்பிள்ஸ் பார்க் காம்ப்ளெக்ஸ் 1973லேர்ந்து இருக்கு. போன், பழுது பாக்குறது, நாணய மாத்து, துணி, மூலிகை எல்லாம் உண்டு. வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அது இடம் இல்ல. ஆனா கம்ப்யூட்டருக்கும் சைனாடவுனுக்கும் சம்பந்தம் இல்லைன்னு மட்டும் சொல்லிடாதே. இதே யூ டோங் சென் தெருவுல பேர்ல்ஸ் சென்டர்னு ஒரு கட்டடம் இருந்துச்சு. 1981ல அங்கதான் சிம் வோங் ஹூன்னு ஒருத்தர் சின்னதா ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர்க் கடை போட்டாரு. கிரியேட்டிவ் டெக்னாலஜின்னு பேரு. அடுத்தவன் மெஷினைப் பிரிச்சுப் பாத்துப் பாத்தே ஆப்பிள் கம்ப்யூட்டருக்கு மெமரி போர்டு பண்ணினாரு. அப்புறம் சொந்தமாவே கம்ப்யூட்டர் செஞ்சாரு, 1986ல கியூபிக் சிடின்னு ஒண்ணு, நிறமும் சத்தமும் நல்லா வரும்படி. மலிவு மெஷினுங்க நடுவுல அது விக்கல. மனுசன் சோர்ந்து போகல. கம்ப்யூட்டர்ல சத்தம் மட்டும் வர்ற மாதிரி ஒரு அட்டையைச் செஞ்சு, 1989ல சவுண்ட் பிளாஸ்டர்னு பேர் வச்சு வித்தாரு. உலகத்துல பாதி கம்ப்யூட்டருக்கு வாய் வந்ததே அதுக்கப்புறம்தான்னு சொல்லலாம். 1992ல அமெரிக்காவோட நாஸ்டாக் சந்தையில ஏறின முதல் சிங்கப்பூர்க் கம்பெனி அது. அவர் 2023 ஜனவரியில காலமானாரு. பேர்ல்ஸ் சென்டரையும் ரயில் பாதைக்காக இடிச்சுட்டாங்க.

இதை எதுக்குச் சொல்றேன்னா, அந்த ஆள் விக்க ஆரம்பிச்சது அப்புறம். பிரிச்சு மாட்ட ஆரம்பிச்சது முன்னாடி. நீ போற கடையிலயும் அதைப் பாரு. கண்ணாடி அலமாரிக்குப் பின்னால ஒரு மேசை இருக்கா, அதுல திறந்த பெட்டி ஒண்ணு கெடக்கா, அதைப் பாத்து ஒருத்தன் தலையைச் சொறியிறானா? அது இல்லாத கடையில நீ வாங்கலாம், ரிப்பேருக்கு மட்டும் வேற இடம் தேடிக்கணும். மாடு வாங்கப் போனா பல்லையும் சுழியையும் பாப்போம். கம்ப்யூட்டருக்குப் பல்லும் இல்ல, சுழியும் இல்ல. விக்கிறவன் மேசையைத்தான் பாத்தாகணும்.

பேரமே வேணாம், தூங்கணும்னு நினைச்சா பெரிய கடைக்குப் போ. கோர்ட்ஸ், ஹார்வி நார்மன், பெஸ்ட் டென்கி, சேலஞ்சர். ஏசியில நின்னுக்கிட்டு, சிரிச்ச மூஞ்சியோட, ஒரே விலை. உன்னை மாதிரி வெக்கப்படுறவனுக்கு அதுதான் சரி. அந்தச் சிரிப்புக்கும் விலையில கொஞ்சம் சேத்துத்தான் வச்சிருப்பாங்க, பரவாயில்ல. ஒரே ஒரு எச்சரிக்கை: மாசத் தவணைன்னு ஆரம்பிச்சா மொத்தத்தைக் கூட்டிப் பாத்துட்டுத் தலையாட்டு. மாசத்துக்கு ரொம்பக் கம்மிதான்னு சொல்லுவான், எத்தனை மாசம்னு நீதான் கேக்கணும். நம்ம தேக்கா முஸ்தஃபாவையும் விட்டுடாதே. மத்த கடைங்க ஷட்டரை இறக்கின பிறகும் அங்க விளக்கு எரியும். உளுந்தும் லேப்டாப்பும் ஒரே தள்ளுவண்டியில போட்டுக்கிட்டு வரலாம்.

கம்ப்யூட்டர்க் கண்காட்சின்னு ஒண்ணு வருஷத்துக்குச் சில தடவை சன்டெக்லயும் எக்ஸ்போவிலயும் போடுவாங்க. தைப்பூசக் கூட்டம் தோத்துடும். அங்க போறவன் கம்ப்யூட்டர் வாங்கப் போறதில்ல, பை வாங்கப் போறான். முதுகுப் பை, எலிப்பொறி மாதிரி ஒரு மவுஸ், அப்புறம் பிரிண்டர் இலவசம். தானமாக் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கக் கூடாதுன்னு நம்ம பெரியவங்க சொன்னாங்க. அவங்க பிரிண்டர் பாக்காதவங்க. இலவசப் பிரிண்டரைக் கண்டிப்பாப் பல்லைப் பிடிச்சுப் பாரு, மை டப்பா என்ன விலைன்னு கேட்டுட்டு அப்புறம் நன்றி சொல்லு. சில பிரிண்டர்ல ரெண்டு தடவை மை மாத்துற காசுல அந்தப் பிரிண்டரையே இன்னொண்ணு வாங்கிடலாம்.

பழசு வாங்கலாம்னு யோசிக்கிறியா? சுங்கை ரோட்டுத் திருட்டுச் சந்தை 2017 ஜூலையில மூடியாச்சு, இல்லைன்னா உன்னை அங்கதான் அனுப்பி வேடிக்கை பாத்திருப்பேன். இப்ப காரோசெல்லுன்னு போன்லயே சந்தை. ஆபீஸ்கள்ல கழிச்சுப் போட்ட மெஷினைத் துடைச்சு, ஸ்டிக்கர் ஒட்டி, அடிமாட்டு விலைக்குத் தர்றாங்க. நல்லதும் இருக்கும். ஆனா 2025 அக்டோபர் 14ஆம் தேதியோட விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் கை கழுவிடுச்சு. விண்டோஸ் 11 போடணும்னா மெஷின் ஓரளவு புதுசா இருக்கணும். இன்டெல்னா எட்டாம் தலைமுறைக்குக் கீழே பெரும்பாலும் ஏறாது. இன்னும் 10 ஓடுற பழைய மெஷினை ‘சூப்பர் ஃபாஸ்ட்’னு உன் கையில குடுப்பான். ஃபாஸ்ட்தான், இல்லைங்கல. பாதுகாப்புக்குத் தாப்பாள் இல்லாத வீடு, அவ்வளவுதான். ‘11க்குத் தாங்குமா’ன்னு கேளு, ‘தாங்கும்’னு சொன்னா ஓட்டிக் காட்டச் சொல்லு.

அப்புறம் உன் மச்சினன் விஷயம். அறந்தாங்கியிலேர்ந்து சுற்றுலா விசாவில வந்தவன், ‘சிங்கப்பூர்ல மலிவாமே’ன்னு லேப்டாப் கேக்குறான்னு சொன்னே. அவன் கேக்கட்டும், ஆனா பாஸ்போர்ட்டோட அவனையே கடைக்குக் கூட்டிக்கிட்டுப் போ. சுற்றுலாப் பயணிங்களுக்குப் பொருள் சேவை வரியைத் திருப்பித் தர்ற திட்டத்துல சேந்த கடையில 100 வெள்ளியோ அதுக்கு மேலயோ வாங்கினா, சாங்கி விமான நிலையத்துல வரியைத் திரும்ப வாங்கலாம், கொஞ்சம் கட்டணம் பிடிப்பாங்க. உனக்கோ, வொர்க் பெர்மிட்ல இருக்கிற உன் சிநேகிதனுக்கோ அது கெடைக்காது, வேஷம் போடாதே. ஊர்ல இறங்கும்போது பதினெட்டு வயசு தாண்டினவனுக்கு ஒரு லேப்டாப் வரை சுங்க வரி இல்ல. இது எல்லாம் சரி. ஆனா வாரண்டி இந்தியாவுல செல்லுமான்னு கேட்டீங்களா? இங்க மட்டும் செல்லுற வாரண்டின்னா, பெட்டி கெட்டுப்போனா அறந்தாங்கியிலேர்ந்து யாராவது விமானம் ஏறணும். ரிப்பேர் செலவை விட டிக்கெட் கூட. பிளக்கும் இங்க தடிச்ச மூணு பட்டைக்கால், அங்க உருண்டைக்கால். அதுக்கு ரெண்டு வெள்ளியில ஒரு மாத்துக்கட்டை போதும், அதைச் சொல்லி மச்சினனை அலைய விடாதே.

இத்தனையும் கேட்டுட்டு, ‘கடைசியா எந்தக் கடைதான் தாத்தா’ங்கறே. விலையில பெரிய கடைக்கும் சின்னக் கடைக்கும் அம்பது நூறு வெள்ளி வித்தியாசம் வரும். அதுக்காக ரெண்டு வாரம் அலையிறே. அந்தக் கடைக்காரன் அடுத்த வருஷமும் அதே பலகைக்குக் கீழ நிப்பானான்னு ஒரு நிமிஷமாவது யோசிச்சியா? இந்த சவுத் பிரிட்ஜ் ரோட்டு மாரியம்மன் கோயிலுக்கு வாராவாரம் வர்றியே, அதை 1827ல எழுப்பின நாராயண பிள்ளை கதை தெரியுமா? 1819ல ராஃபிள்ஸ் கூட வந்தவரு. செங்கல் சூளை போட்டாரு, கிராஸ் ஸ்திரீட்ல துணிக்கடை வச்சாரு. 1822ல தீ பிடிச்சுக் கடை போச்சு, கடன்ல மாட்டினாரு. பினாங்குலேர்ந்து வந்த மனுசன், ராத்திரியோட ராத்திரியா அங்கயே கப்பல் ஏறிப் போயிருக்கலாம். போகல. ராஃபிள்ஸ்கிட்ட போயி நின்னு இடம் கேட்டு வாங்கி, மறுபடி வியாபாரத்தைப் பிடிச்சாரு. அந்த மாதிரி நிக்கிற ஆளைத் தேடு. பத்து வருஷமா ஒரே இடத்துல இருக்கிற கடை, போன் பண்ணினா எடுக்குற கடை, போன மாசம் வாங்கினவன் திரும்ப வந்து கத்திக்கிட்டிருந்தாலும் கதவைச் சாத்தாத கடை. வாங்குறதுக்கு முன்னாடி அந்தக் கடையில அரை மணி நேரம் சும்மா நில்லு. வாங்க வர்றவனைப் பாக்காதே, கொண்டுவந்து குடுக்க வர்றவனை எப்படி நடத்துறாங்கன்னு பாரு.

வீட்டுல இருக்கிற பழைய பெட்டியைப் பழைய சாமான் வாங்குற காராங் குனிக்காரன் கையில ரெண்டு வெள்ளிக்குக் குடுத்துடாதே, அதுக்குள்ள உன் கல்யாணப் போட்டோவும் பேங்க் கணக்கும் இருக்கு. உள்ளதை அழிச்சுட்டுக் குடு. 2021லேர்ந்து புதுசை வீட்டுல இறக்குற கடைக்காரன் பழசைக் காசு வாங்காம எடுத்துக்கிட்டுப் போகணும்னு சட்டம் இருக்கு, கேட்டுப் பாரு.

அப்புறமும் பெட்டி மக்கர் பண்ணினா என்கிட்ட வந்து அழாதே. 2012 செப்டம்பர்லேர்ந்து ‘லெமன்’ சட்டம் இருக்கு: வாங்கி ஆறு மாசத்துக்குள்ள குறை தெரிஞ்சா, அது விக்கும்போதே இருந்த குறைன்னுதான் சட்டம் எடுத்துக்கும், இல்லைன்னு கடைக்காரன்தான் நிரூபிக்கணும். மொதல்ல சரி பண்ணணும், இல்ல மாத்தித் தரணும். முடியலைன்னா விலையைக் குறைக்கணும், இல்ல பணத்தைத் திருப்பணும். ‘கலர் பிடிக்கலை’ன்னு போனா அந்தச் சட்டம் உன் பக்கம் நிக்காது. கடைக்காரன் கேக்கலைன்னா பயனீட்டாளர் சங்கம் இருக்கு, கேஸுன்னு சொல்லுவாங்க. அதுக்கும் மசியலைன்னா சிறு கோரல் நடுவர் மன்றம்: வாங்கின ரெண்டு வருஷத்துக்குள்ள போகலாம், 20,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம், வக்கீலுக்கு அனுமதி இல்ல. உன் பெட்டி 5,000 வெள்ளிக்குள்ளன்னா கட்டணம் 10 வெள்ளிதான். நாலு தட்டுத் தட்டி அழிச்ச விலையை அங்க காட்ட முடியாது. பேர், தேதி, மாடல் நம்பர், தொகை எல்லாம் எழுதின ரசீது வேணும்.